கடைசிக் கட்டம்

புதுப் பங்குச்சாமியார் ஸ்கேல் வைத்துக்
கட்டம் போட்டுத் தந்திருக்கிறார்.
குடும்ப எண், பெயர், அன்பியம், சந்தா பாக்கி,
கடைசியில் காரணம்.
அந்தக் கட்டம் ஒரு விரல் அகலம்தான்.
பூசைக்கு வராதவர்கள் நாற்பத்தொரு வீடு.

கொருக்குப்பேட்டை கேட்டில் இருபது நிமிஷம் நின்றேன்.
சரக்கு ரயில் போனது, நின்றது,
எதையோ யோசித்துவிட்டு மறுபடி போனது.

சந்தியாகு ஐஸ் கம்பெனியில் வேலை.
"முட்டி வலிம்மா, உக்காந்து எந்திரிக்க முடியல"
என்று சொல்லிக்கொண்டே
தண்ணிக் குடத்தோடு இரண்டு மாடி ஏறினார்.
நானும் முட்டி என்று எழுதிக்கொண்டேன்.

எனக்குத் தெரியும். அன்றைக்கு நானும் இருந்தேன்.
மே மாசம். வீட்டு வாசலில் அவர் மனைவி.
ஆபீஸ் ஜன்னலில் பதினோரு மாசச் சந்தாவைக்
கணக்குப்பிள்ளை விரலை நக்கி நக்கி எண்ணினார்.
ஒரு நூறு ரூபாய் கிழிந்திருந்தது.
வேறு கேட்டார்.
சந்தியாகு திரும்பிப் போய்
ஐஸ் பாளம் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார்,
மீனுக்கு உடைப்பதுபோல் உடைக்காமல்,
முழுசாக.
துக்க மணி அடிக்கச் சீட்டு வரும்வரை
தெரு முழுக்க அது ஓடிக்கொண்டிருந்தது.

எமல்டா கதவைப் பாதிதான் திறந்தாள்.
இரண்டாம் கல்யாணம், ரெஜிஸ்தர் ஆபீசில்.
முதல் கல்யாணத்தின் ஃபைல்
பிஷப் ஹவுசில் நாலு வருஷமாய்த் தூங்குகிறது.
"கோவமெல்லாம் இல்லக்கா.
நன்மை வாங்க எல்லாரும் எந்திரிப்பாங்க இல்ல,
நான் மட்டும் காலை ஒதுக்கி வழி விடணும்.
ஒதுக்கி ஒதுக்கிப் பழகி
ஒருநாள் பஸ்ஸிலயும் ஒதுக்கினேன்.
யாருமே இறங்கல."
சிரித்தாள்.
நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேலே
தகரக் கூரை போட்ட சபை.
அங்கே போய்விட்ட தைனேஸ் வீட்டுச் சுவரில்
மாதா படம் இருந்த இடம் மட்டும்
புகை படாமல் வெளுப்பாக இருந்தது.
கேட்கலாமா என்று நினைப்பதற்குள் சொன்னாள்:
"இவருக்கு ரத்த வாந்தி எடுத்தப்ப
பாஸ்டர் ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்டான்லிக்கு வந்தாருக்கா.
டீ வாங்கிக் குடுத்தாரு."
டீ என்று எழுத
அந்தக் கட்டத்தில் தாராளமாக இடம் இருந்தது.

எல்லாவற்றையும்விட என்னைத் தூங்கவிடாமல் செய்தது
கிளிண்டன் பையன்தான்.
இருபத்துநாலு வயசு, ஹெல்மெட்டைக் கழற்றவேயில்லை.
"ஒரு வாரம் வரல ஆன்ட்டி.
மறுவாரம் எதுவும் ஆகல."
வண்டியை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டான்.
எதுவும் ஆகவில்லை என்பதை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வரும்போது சந்தியாகு கீழே நின்றிருந்தார்.
"ஒரு விஷயம்மா. அந்தோணியார் பீடத்துக்கிட்ட
ஒரு குடையை விட்டுட்டேன். இருக்கான்னு பாருங்க.
கைப்பிடியில நீல நூல் சுத்தியிருக்கும்,
அவதான் சுத்துனா."
காணாமல் போனதை எடுத்துக் கொடுக்கிறவரிடமே
தொலைத்துவிட்டு வந்திருக்கிறார்.

கோயில் ஸ்டோர் ரூமில் தேடினேன்.
போன வருஷத்துக் குருத்தோலை,
கை உடைந்த ஒரு சம்மனசு,
பதினேழு குடைகள்.
எல்லாம் கறுப்பு.
ஒவ்வொன்றாய்ப் புரட்டிக்கொண்டிருந்தபோது
வீடுவீடாய்ப் போய்விட்டு வந்த மாதிரியே இருந்தது.

நோட்டைச் சாமியார் மேசையில் வைக்குமுன்
முட்டியை அடித்துவிட்டு
ஐஸ் என்று திருத்தினேன்.
அவருக்குப் புரியாது. கூப்பிட்டுக் கேட்கட்டும்.

இன்றைக்கு ஞாயிறு.
மறுபடி கேட் மூடியிருக்கிறது.
நீல நூல் குடையை வெயிலுக்கு விரித்து நிற்கிறேன்.
முதுகுப் பக்கம் இரண்டாம் மணி அடித்து ஓய்கிறது.
பெட்டிகளை முப்பத்தெட்டு வரை எண்ணிவிட்டேன்.
அங்கே இந்நேரம்
நற்செய்தி வாசித்துக்கொண்டிருப்பார்கள்.