உரையாடல் பெட்டி

பெயர்தான் உரையாடல்.
கேட்பது நான்;
சொல்ல வேண்டிய பதிலையும் நானே எழுதி
இரண்டு பொத்தான்களில் அடைத்து வைத்திருக்கிறேன்.

'நிச்சயமாக நீக்கவா?'
சரி. ரத்து.
ஒன்றைத் தொடும்வரை
பின்னாலுள்ள தாய்ச் சாளரம் சாம்பல் பூத்துக் கிடக்கும்,
எத்தனை தட்டினாலும் திறக்காது.
அப்படித்தான் கட்டினேன்.
கொஞ்சம் பெருமையும் இருந்தது.

துவாஸ் கிடங்கிலிருந்து புகார்:
நாற்பத்தொரு சரக்குப் பதிவுகளைக் காணோம்.
பச்சை வழித்தடத்தின் கடைசி நிலையம்,
அப்புறம் ஒரு பேருந்து, லாரிகளின் புழுதி.

ரொஸ்னா நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார்.
வேலையைத் தொடர்ந்தார்.
என் பெட்டி எழுந்த அதே நொடி
அவர் விரல் என்டரைத் தட்டியது,
ஈ ஓட்டுவதுபோல.

'இப்போ அது என்ன கேட்டுச்சு?'
'என்னமோ கேட்கும் லா.
ஒரு நாளைக்கு முந்நூறு தடவை.
சரின்னு சொன்னா போயிடும்.'

திரையின் விளிம்பில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள்,
முந்தாநாள் ஒட்டியது,
மலாயில், அவர் கையெழுத்தில்:
ஹஃபீசைக் கேட்காமல் அழிக்காதே.
அதற்குப் பிறகு ஒரு பதிவும் தொலையவில்லை.

திரும்பும் ரயிலில் மடிக்கணினியைத் திறந்து
பெட்டியை எடுத்துவிட்டேன்,
அறுபத்திரண்டு வரிகள்.
கேள்வி இல்லை இனி.
அழித்ததும் கீழே சின்னதாய் ஒரு சொல்,
பதினைந்து நொடிக்கு:
மீட்க.

ஜூரோங் ஈஸ்ட்டில் கதவு திறந்தது.
மேடை இடைவெளியை நினைவில் கொள்ளும்படி
நான்கு மொழிகளில் குரல் கேட்டுக்கொண்டது.
ஒருவரும் தலை நிமிரவில்லை.
நானும்தான்.