கூட்டாமல் குறைக்காமல்

இரவு ஒன்றரைக்குப் போன் வந்தால்
யாராவது செத்திருப்பார்கள், அல்லது திருடியிருப்பார்கள்.
ஹுஃபூஃப் காவல் நிலையத்தில்
தமிழுக்கென்று இருப்பது நான் ஒருவன்தான்,
பகலில் மருந்துக் கிடங்கில் பெட்டி எண்ணுகிறவன்.

இன்றைக்குச் சாவில்லை.
டயர்க் கடைகளுக்குப் பின்னால், மூன்றாம் மாடியில்
பதினொரு பேர் கதவைச் சாத்திக்கொண்டு
பாடியிருக்கிறார்கள்.
மேசைமேல் சான்றுகள்:
ஒரு கீபோர்டு,
எவர்சில்வர் டம்ளரில் பாதி திராட்சைச் சாறு,
சத்தம் வராமலிருக்கத் துணி சுற்றிய கஞ்சிரா,
நீல அட்டை நோட்டு.

கைவைத்துச் சத்தியம் செய்தேன், வழக்கம்போல:
கூட்டாமல், குறைக்காமல்.

ஒரு போலீஸ்காரப் பையன் கீபோர்டில் எதையோ அமுக்கிவிட
கம்பெனிக்காரன் உள்ளே வைத்த டெமோ பாட்டு
தானாக ஓட ஆரம்பித்தது.
அவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை.
பெஞ்சிலிருந்த நர்ஸ் எப்சிபா
எழுந்துபோய் ஒரு விரலால் அணைத்துவிட்டு
வந்து உட்கார்ந்தாள்.
யாரும் சிரிக்கவில்லை.

நோட்டை வாசிக்கச் சொன்னார்கள்.
பாட்டு பன்னிரண்டு.
கடைசிப் பக்கத்திலிருந்து தலைகீழாக ஒரு பட்டியல்:
செல்வினுக்குக் கல்லடைப்பு.
ராஜாத்தி அக்கா பாஸ்போர்ட்டைக் கஃபீல் தர.
மெஞ்ஞானபுரத்துக்கு மழை.
டீத்தூள் வகையில் பாக்கி ஏழு ரியால்.
எல்லாவற்றையும் அரபியில் சொன்னேன்,
ஏழு ரியால் உட்பட.

"முதல் பக்கத்தில் பெரிதாக என்ன?"

சபை என்று எழுதியிருந்தது.

கனீஸா என்றால் வழக்கு.
ஜமாஅத் என்றால் அதைவிடப் பெரிய வழக்கு.
என் வாய் மஜ்லிஸ் என்றது.
எல்லா வீட்டிலும் இருப்பதுதானே,
மெத்தை போட்டு, காவா ஊற்றி.
எந்த அகராதியும் என்னைக் குற்றம் சொல்லாது.

தட்டச்சுக்காரன் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தான்.
அவன் அகீக் மோதிரத்தின் கல்
உள்ளங்கைப் பக்கம் திரும்பியிருந்தது.
இந்த ஊரில் எந்தத் தெருக்காரர்கள் அதைப் போடுவார்கள்,
வேலைக்கு வரும்போது ஏன் திருப்பிக்கொள்வார்கள் என்று
இருபது வருடத்தில் எனக்குத் தெரியாமல் இல்லை.
குனிந்து, மஜ்லிஸ் என்று அடித்தான்.

அந்தச் சொல் எனக்கு அவ்வளவு சுளுவாக வந்திருக்கக் கூடாது.
போன வருடம் ஊரிலிருந்து தம்பி சதக்:
"பள்ளி கட்ட அனுமதி தர மாட்டேங்கிறாங்க காக்கா,
அக்கம்பக்கம் ஆட்சேபமாம்."
நலச்சங்கக் கட்டடம்னு எழுதிக் கொடு என்றேன்.
எழுதினான். கிடைத்தது.
இப்போது அங்கே அஞ்சு நேரமும்
நலச்சங்கம் கூடுகிறது.

கிரேன் ஓட்டும் சாலமோன்துரை, நோட்டுக்குச் சொந்தக்காரர்.
அரபியில் அவருக்கு
மேலே, கீழே, நிறுத்து
மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.
எழுந்தார்.
"பாய், கோவிச்சுக்காதீங்க. அது இல்ல."
அதிகாரியைப் பார்த்து, கனீஸா என்றார்.
நெஞ்சில் கைவைத்து, அனா.
பிறகு மற்ற பத்துப் பேரையும் காட்டி
என் பக்கம் திரும்பித் தமிழில்: "விருந்தாளிங்க."
கூட்டாமல் குறைக்காமல்
அதை மொழிபெயர்த்தேன்.

தட்டச்சுக்காரன் நான்கு எழுத்தை அழித்தான்,
ஒவ்வொன்றாக.
ஐந்து எழுத்தை அடித்தான்.

பத்துப் பேருக்கு எச்சரிக்கை, கைநாட்டு.
அவருக்கு வியாழக்கிழமை விமானம், திரும்பி வராத முத்திரை.
கீபோர்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
மொழிபெயர்ப்பாளர் என்ற இடத்தில்
என் ஒப்பம் கொஞ்சம் கோணிவிட்டது.

வெளியே வந்தபோது சுபுஹு பாங்கு.
பக்கத்துப் பள்ளியில் ஒளு எடுக்க உட்கார்ந்தவன்
ஈரக் கையோடு போனை எடுத்து
சதக்குக்கு ஒரு வரி தட்டினேன்:
அந்தப் போர்டை மாத்த முடியுமா?

அனுப்பவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.
குழாய் ஓடிக்கொண்டிருந்தது.
ஊரில் இந்நேரம் விடிந்து
நலச்சங்கம் கலைந்து
ஆட்கள் டீக்கடைக்குப் போயிருப்பார்கள்.