கேள்விகள்: இல்லை

மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தால்
யார் வருவார்கள் என்று தெரிந்துதான் வைத்தார்கள்.
ப்ளோவ்டிவ் நகராட்சி, இரண்டாம் மாடி.
நாற்காலி எண்பது. ஆட்கள் நான்கு.
அதில் ஒருவர் வெயிலுக்கு ஒதுங்கியவர்.

மேசைமேல் வணிக வளாகம்
தெர்மோகோலில் எழுந்து நின்றது.
சுண்டுவிரல் நகமளவு மனிதர்கள்,
எல்லார் கையிலும் பை.

‘கேள்விகள்: இல்லை’ என்று
முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன்.
குறிப்பெடுப்பவன் நான்.

சீருடையோடு உள்ளே வந்தாள் ஸ்வெத்லா,
இருபத்தாறாம் எண் பேருந்தை ஓட்டுபவள்.
மாதிரியை ஒருமுறை சுற்றி வந்தாள்.
“என் வண்டி எங்கே திரும்பும்?”
கட்டடக் கலைஞர் நீரூற்றுப் பக்கம் கைகாட்டினார்.
“பன்னிரண்டு மீட்டர் வண்டி, ஐயா.
அதை இதில் குளிப்பாட்டவா?”

கீழே வண்டி நடுத்தெருவில் நின்றது.
டிரைவரைத் தேடி
ஒவ்வொருவராய் ஏறி வந்தார்கள் பயணிகள்:
மிளகாய்ப் பெட்டியோடு ஒருவர்,
தூங்கும் பிள்ளையோடு யோர்தான்கா,
ஒரு பல்வலிக்காரர்.
வந்தவர்கள் குனிந்து
மாதிரியில் தங்கள் வீட்டைத் தேடினார்கள்.
கன்னத்தைப் பிடித்தபடி பல்வலிக்காரர் கேட்டார்:
“எதுவும் வாங்காதவன் எங்கே உட்கார்வது?”

‘இல்லை’யை அடித்தேன்.
பக்கம் போதவில்லை.

வளாகம் எழும்பியது. எழும்பாமல் இருக்குமா?
நீரூற்று மட்டும் நாலடி தள்ளி,
ஒரு மூலை மழுங்கி.
அங்கே திரும்பும்போதெல்லாம்
ஸ்வெத்லா ஹாரனை ஒரு தட்டு தட்டுவாள்.

என் குறிப்பேட்டின் மூன்றாம் பக்கத்தில்
பல்வலிக்காரர் கேள்விக்கு நேரே
பதிலுக்கு விட்ட இடம்
இன்னும் வெள்ளையாய்.