அரை விரற்கடை

புல் வரப்பு வரப்பாக இருக்கிறதே என்றார்
விளையாட்டு மாஸ்டர்.
காலை ஏழு. யானைமலையின் முதுகில் மட்டும் வெயில்.

இறங்கிப் பார்த்தேன்.
போகும்போதும் வரும்போதும்
என் இடக்கைப் பக்கத்துப் புல் உயரம்.
திரும்பி வரும் பட்டையில் உயரமும் உயரமும் ஒட்டிக்கொண்டு
அரை விரற்கடைக்கு ஒரு வரப்பு.
நாற்று நடலாம்.
பந்து அதில் தட்டிக்
கண்ணுக்கு எழும்புமாம்.

"பொம்பள ஓட்டுனா இப்படித்தான்" என்று
யாரும் சொல்லவில்லை.
சொல்லாமல் இருந்தது நன்றாகக் கேட்டது.

பிளேடை ஞாயிற்றுக்கிழமைதான் தீட்டினேன்.
அடித்தட்டில் ஒட்டியிருந்த பச்சைச் சேற்றை
தோசைக் கரண்டியால் சுரண்டிவிட்டேன்.
பனி காய்ந்த பிறகுதான் வண்டியை எடுக்கிறேன்.
ஓட்டுவதும் மெதுவாகத்தான்,
மயில் விலகி நடந்துபோகும் வேகம்.
பிறகு என்ன?

ஒத்தக்கடை பஞ்சர் கடையில்
காற்று மானியை இரவல் வாங்கி வந்தேன்.
பின்சக்கரம், வலம்: பத்து.
இடம்: பதினாறு.

சக்கரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.
எனக்கு முன்னால் இதை ஓட்டியவர் ஒச்சப்பன்.
தொண்ணூற்று நாலு கிலோ.
வலது இடுப்பில் வலி,
மூன்று வருடமும் இடப்பக்கமே சாய்ந்து உட்கார்ந்தார்.
இறங்கிய பக்கத்துக்குக் காற்றடித்து
இறங்காத பக்கத்தோடு சமமாக்கியிருக்கிறார்.
அவர் ஓட்டியவரை மைதானம் கேரம் போர்டு.
இடுப்பு ஆபரேஷனுக்கு அவர் போய்விட்டார்.
அவர் சாய்வை
வண்டி வைத்துக்கொண்டது.
நான் நேராக உட்கார்ந்ததுதான் கோணல்.

கூடைப்பந்துத் தளம்தான் இங்கே மட்டமான தரை.
அங்கே நிறுத்தினேன்.
இரண்டு சக்கரத்திலும் பத்து.
சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டு
சீட்டில் ஏறினேன்.
கேன்டீன் சகுபர் இரும்பு ஸ்கேலோடு
தரையில் கன்னம் வைத்துப் படுத்தான்.

"ஆள் எதுக்குக்கா மேல? இறங்குங்க, அளந்து சொல்றேன்."
"நான் இல்லாமலா ஓடுது?
என்னையும் சேர்த்து அள."

இடம் நாற்பத்து மூன்று மில்லி. வலம் முப்பத்தெட்டு.
நட்டை ஒரு சுற்று.
நாற்பது, முப்பத்தெட்டு.
இன்னும் அரைச் சுற்று.
"காலையில சாப்டீங்களா?"
"இல்ல."
"அப்ப சாப்ட்டு வந்ததும் மறுபடி அளக்கணுமே."
சிரித்ததில் வண்டி ஆடி
அளவு போய்விட்டது.
மறுபடி.

இடமும் வலமும் ஒன்றானதும்
முன்பக்கத்தை ஐந்து மில்லி இறக்கச் சொன்னேன்.
எழுந்து உட்கார்ந்தான்.
"இவ்வளவு நேரம் மட்டம் மட்டம்னீங்க!"
பக்கவாட்டில்தான் மட்டம், தம்பி.
முன்னால் குனிந்தே இருக்க வேண்டும்,
இல்லையென்றால் வெட்டியதையே திரும்ப வெட்டிக்கொண்டு
கரண்டைத் தின்னும்.

மறுநாள் குறுக்காக ஓட்டினேன்,
பழைய வரப்புகளை அறுத்துக்கொண்டு.
எண்ணெய்ப் புகை இல்லாத வண்டி.
அருகம்புல் அறுபடும் வாசம் முகத்துக்கு நேரே வந்தது.
பேட்டரியில் இரண்டு கோடு இருக்கும்போதே நிறுத்திவிட்டேன்.
கடைசிக் கோட்டில் பிளேடு சோர்ந்துபோகும்,
புல் அறுபடாமல் படுத்துக்கொள்ளும்,
சாயங்காலம் எழுந்து நின்று
காட்டிக்கொடுக்கும்.

மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு
பிட்ச்சிலிருந்து எல்லைக் கயிறுவரை நடந்தார்.
வேப்பமரத்துப் பக்கம் ஓரிடத்தில் நின்றார்,
கட்டை விரலால் தடவினார்.
அங்கே தரையே பள்ளம்.
அதற்கு என்னிடம் நட்டு இல்லை.

சார்ஜரைச் சொருகிவிட்டு
வெள்ளைப் பெயிண்ட் டப்பாவைத் தேடி எடுத்தேன்.
லாரியில் எழுதுவார்களே, அதுபோல
மட்கார்டில் எழுதினேன்:
காற்று 10, 10.
ஆள் 46.