பாத்தியதை

வில்லங்கச் சான்றில் வில்லங்கம் இல்லை.
எழுபத்தெட்டில் பொம்மண்ணன் வாங்கினார்,
தொண்ணூற்றொன்றில் கூட்டுறவு வங்கியில் வைத்தார்,
மாங்காய் விலைபோன வருடம் மீட்டார்.
அவ்வளவுதான் பதிவு.
காவேரிப்பட்டணத்தில், தெருக்குழாய்க்கு எதிரே
இரண்டு சென்ட், ஓட்டு வீடு.

மாங்கூழ் ஆலையில் டப்பாக் கணக்கு எழுதுகிறவள் நான்.
பதினொரு சீசன் சேர்த்தது என் பங்கு.
மீதியை வங்கி தரும்,
வக்கீல் ஒப்பினால்.

வக்கீல் ஷாகிராபானு
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.
மூலப்பத்திரம் அசலா, நகலா?
நத்தமா, புன்செய்யா?
வீட்டு வரி யார் பேர்ல?
பின்சந்து இவங்களோடதா, நடக்க மட்டுமா?
எழுதிக்கொண்டே வந்த என் பேனா
அடுத்த கேள்வியில் நின்றது.
"அம்மா, ரெண்டு பையன்னு இருக்கு வாரிசுச் சான்றுல.
அந்த வீட்ல பொண்ணே பொறக்கலையா?"

தாசில்தார் கொடுத்தது மேடம், என்றேன்.
"அவர்கிட்டச் சொன்னதத்தான் அவர் கொடுப்பார்.
குழாயடியில போய்க் கேளுங்க."

கேட்டேன்.
ஒரு குடம் நிறையவில்லை, பதில் வந்துவிட்டது.
"திம்மக்காவா? வேப்பனப்பள்ளியில இருக்கா.
அவளா கட்டிக்கிட்டுப் போனவ,
இவங்களுக்குச் செத்த கணக்கு.
போன மாசம்கூட பஸ் ஸ்டாண்டுல
கொய்யா பேரம் பேசிட்டு நின்னா."

மூத்தவன் சென்றாயன் சிரித்தான்.
"ஒரு கையெழுத்துதானே மேடம்.
அஞ்சாயிரம் கொடுத்தா போட்டுட்டுப் போறா."

அஞ்சாயிரம்.
எனக்கு ஒரு பச்சைப் பட்டு கொடுத்தார்கள்.
போச்சம்பள்ளிப் பக்கம் மூன்று ஏக்கர், ஏழு மாமரம்.
பேனா மூடியைக் கழற்றியே நீட்டினான் அண்ணன்.
விடுதலைப் பத்திரம் என்று அதற்குப் பெயர்.
யாருக்கு விடுதலை என்று
கேட்கத் தோன்றவில்லை அன்றைக்கு.
சொல்லத்தான் வேண்டும், நல்ல பட்டு.
இன்னும் சாயம் போகவில்லை.

இருபத்து நாலு லட்சம். நாலு பேர்.
இந்த வகுத்தல் எனக்கும் வரும்.
நாலு டிராப்ட் எடுப்பேன், இல்லையென்றால்
அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன்.
சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து
இரண்டு நாள் தூங்கவில்லை.
அட்வான்ஸ் போனால் என்ன செய்வேன்?
நியாயம் பேச நான் யார், அதுவும் இவ்வளவு தாமதமாக?

பெங்களூரா வந்து ஆலை முழுக்கக் குவிந்து, தீர்ந்தது.
வங்கிக் கடிதத்தின் கெடு ஒருமுறை முடிந்தது.
அதன்பிறகுதான் வந்தது புதுச் சான்று,
நாலு பெயரோடு.

பத்திர எழுத்தர் ராகம் போட்டு வாசித்தார்.
"...சர்வ சுதந்திர பாத்தியங்களுடன்
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது."
அண்ணே, எனக்கு ஒரே பொண்ணு.
"காலங்காலமா உள்ள வாசகம்மா.
அர்த்தம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."
அப்ப மாத்தினாலும் ஒண்ணுதானே.
பெருமூச்சு விட்டுப் புத்திரி என்று தட்டினார்.
கணினி அந்தச் சொல்லுக்குக் கீழே
சிவப்புக் கோடு போட்டது.
"இது பிரிண்ட்ல வராது, கவலப்படாதீங்க."

சார்பதிவாளர் அறையில் திம்மக்கா
தம்பியைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்க்கவில்லை,
கேமராவைப் பார்த்தாள்.
கிழவியின் ரேகை இயந்திரத்தில் விழவில்லை.
இரண்டு தடவை, மூன்று தடவை.
வரிசை முணுமுணுத்தது.
யாரும் சொல்லாமல்
திம்மக்கா தன் முந்தானையில்
அந்தக் கட்டைவிரலைத் துடைத்து
மறுபடி வைத்து அழுத்தினாள்.
பச்சை விளக்கு எரிந்தது.
இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

வெளியே, டிராப்டை ஜாக்கெட்டுக்குள் செருகியபடி
என்னிடம் கேட்டாள்:
"பின்னாடி ஒரு சீத்தாமரம் இருந்துச்சே, இருக்கா?"

செக்குபந்தி எனக்கு மனப்பாடம்.
கிழக்கே தெரு, வடக்கே கோவிந்தன் மனை,
மேற்கே சந்து, தெற்கே ரஹமத்துல்லா சுவர்.
மரம் எதிலும் இல்லை.

பார்த்துட்டுச் சொல்றேன், என்றேன்.