எட்டு

நிந்தவூரில் எங்கள் மொட்டைமாடிக்குக்
கடல் தெரியாது, இரைச்சல் மட்டும் வரும்.
பதினொரு பெயின்ற் வாளி.
ஆணியைச் சுடவைத்து அடியில் ஓட்டை போட்டது நான்.
மண் மச்சான் ஏற்றி வந்தது,
லேண்ட்மாஸ்டரில், காசில்லாமல்.
காசில்லாத மண்ணை யார் விசாரிப்பது?

கறிமிளகாய் முழங்கால் உயரம் வந்தபோது
கொழுந்து வெளுத்தது.
அடியிலை நல்ல பச்சை.
நுனியில் பிறந்ததுதான் மஞ்சள்,
அதுவும் முழு மஞ்சளில்லை.
நரம்பு பச்சையாய் நிற்க
இடையெல்லாம் பழுத்த தேசிக்காய்த் தோல்.
வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன்,
கிளிய விரித்த ஊர் வரைபடம் போலிருந்தது.

பசியென்று நினைத்தேன்.
அல்பர்ட் கரைத்து ஊற்றினேன்,
லீட்டருக்கு இரண்டு கிராம். மறுகிழமை நான்கு.
ஜெஸீமா ராத்தா தன் பங்குக்கு ஒரு பிடி யூரியா.
"தின்னக் குடுங்ககா, பச்சப்புள்ள மாதிரித்தானே."
மறுகா இலையோரம் கருகியது.
வாளி விளிம்பில் உப்புப் பூத்தது.
ஊட்ட ஊட்ட மெலிந்தது.

போதனாசிரியர் தவநேசன் தொலைபேசியில்
இரண்டே கேள்விதான் கேட்டார்.
"முதலில மஞ்சளானது கொழுந்தா, கிழட்டிலையா?"
நைற்றஜன் குறைந்தால் கிழட்டிலை
இருப்பதைக் கொழுந்துக்குக் கொடுத்துவிட்டுத் தான் மஞ்சளாகுமாம்.
இரும்புக்கு அந்தக் குணமில்லை,
போன இடத்தை விட்டு நகராது.
"மண் எங்கால?"

ஒரு பிடியைப் பீங்கானில் போட்டு
வினாகிரி ஊற்றச் சொன்னார்.
சீறியது,
சோடாப் போத்தல் திறந்தது போல.
குனிந்து பார்த்தேன்: மணலில் பாதி மணலில்லை.
நொறுங்கிய மட்டி, ஊரி,
நகக்கண் அளவில் சிப்பி.
மச்சான் பொய் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

தம்பி நழீம் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இருந்து
பீ.எச். தாள் நான்கு கொண்டுவந்தான்.
வாளியின் கீழே வடிந்ததில் தோய்த்தேன்.
பச்சையைத் தாண்டி நீலத்தில் போய் நின்றது.
எட்டு.
கேத்தலில் சுண்ணாம்பு படிய விடும்
எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஏழரை.
கறிமிளகாய் கேட்பது ஆறு, மிஞ்சினால் ஆறரை.

எட்டில் இரும்பு எட்டாது.
நான் கொட்டியதெல்லாம் வேரைச் சுற்றித்தான் கிடக்கிறது,
அறுவடைக் காலத்தில் பூட்டிக் கிடக்கும்
நெற்களஞ்சியம் மாதிரி,
வாசலில் வரிசை.

செவ்வாய்க்கிழமை கிளினிக். எனக்கு ஆறாம் மாதம்.
கமலவேணி மிஸ் கீழிமையை இழுத்துப் பார்த்தா.
"மாத்திரை போடுறீங்களா?"
போடுறேன் மிஸ், ஒருநாளும் தவறல்ல.
"பிறகேன் இரத்தம் ஒன்பதில நிக்குது?"
இன்னொண்டு கூட்டித் தாங்களன் என்றேன்.
"எதோட விழுங்குறீங்க?"

வாயெடுத்தேன், சிரிப்பு வந்துவிட்டது.
சாயம் கூடின தேத்தண்ணியோடு,
விடிய எழும்பினதும், நான்கு மாதமாக.
தேயிலை இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளுமென்று
அவ விளங்கப்படுத்தி முடிக்கும் வரை
எனக்குச் சீறும் மணல்தான் காதில்.
இதில் சிரிக்க என்ன இருக்கு என்றா.

பதினொன்றையும் மாற்ற உடம்பில் வலுவில்லை.
தும்புச்சோறும் மக்கின எருவும் வயல் மண்ணும் கலந்து
நான்கை மாற்றினேன்.
மற்றதுக்கெல்லாம் பீப்பாவில் பிடித்த மழைத்தண்ணீர்,
உப்பு வடியும்வரை.
ராத்தாவின் யூரியாவை வாங்கி
படிக்கட்டுக்குக் கீழே ஒளித்து வைத்தேன்.

ஏழாம் வாளி செத்தது.
மஞ்சளானதை விட்டுவிட்டு
இனி முளைப்பதைப் பாருங்கள் என்றார் தவநேசன்.
மூன்றாம் வாளியில் அரைவிரல் நீளம் ஒன்று வந்திருக்கிறது.
பச்சைதானா, விடிகாலை வெளிச்சமா,
சொல்லத் தெரியவில்லை.

தேசிக்காய்த் தண்ணியில் மாத்திரையை விழுங்கியாயிற்று.
தேத்தண்ணிக்கு இன்னும் ஒரு மணித்தியாலம்.
கோப்பையைத் தட்டால் மூடி வைத்துவிட்டு
அதன் மணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன்.
உள்ளே ஒரு உதை.