பதினேழாவது கேள்வி

நார்வா. டிசம்பர். மூன்றரைக்கே இருட்டு.
ஆற்றுக்கு அக்கரையில் வேறொரு நாடு விளக்கேற்றுகிறது.
இக்கரையில் நான்
ஒன்பதாம் வகுப்பின் துக்கத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.
இல்லை என்றால் பூஜ்ஜியம்,
சில நேரம் என்றால் ஒன்று,
எப்போதும் என்றால் இரண்டு.

தாள் இரண்டு மொழிகளில் வந்திருக்கிறது.
எஸ்டோனியத் தாள் 'கவலையா?' என்று கேட்கிறது.
ரஷ்யத் தாளில் அந்தச் சொல்
கொஞ்சம் கனமாக விழுந்துவிட்டது,
வீட்டில் யாரோ செத்த மாதிரி.
பாதிப் பிள்ளைகள் மிரண்டுபோய்ப் பூஜ்ஜியம் போட்டிருக்கிறார்கள்.

ரோதியோன், வயது பதினைந்து.
அக்டோபரில் லாக்கர் கதவைக் குத்தி நெளித்தவன்.
கோப்பு தடித்திருக்கிறது:
மூன்று கடிதம், இரண்டு கூட்டம்,
தாலினிலிருந்து வந்துபோன ஒரு நிபுணர்.
கோபம் வருமா? இரண்டு.
அழுவதுண்டா? கேள்வியையே அடித்துவிட்டு
ஓரத்தில் மீசை வைத்த மீன் ஒன்றை வரைந்திருக்கிறான்.

ஸ்லாத்தா அவனோடு பிறந்தவள்,
பதினோரு நிமிடம் இளையவள்.
அதே வீடு.
அப்பா ஹெல்சிங்கிக் கப்பலுக்குப் பை கட்டிய அதே இரவு,
கதவு சாத்திய அதே சத்தம்.
அவளுக்குக் கோப்பு இல்லை,
நன்னடத்தைச் சான்றிதழ் இருக்கிறது.
மருத்துவ அறைப் பதிவேட்டில் மட்டும்
வயிற்று வலி, வயிற்று வலி, தலைவலி, வயிற்று வலி.
எல்லாம் செவ்வாய்க்கிழமைகள்.
அப்பா போன் செய்யும் நாள் செவ்வாய் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

அவள் தாளில் வரிசையாகப் பூஜ்ஜியங்கள்,
மணி கோத்தது போல.
அடுக்கி வைக்கப் போனபோதுதான்
பின்பக்கம் விரலில் தட்டுப்பட்டது.
'எல்லோரும் தூங்கிய பிறகு விழித்திருப்பாயா?'
பதினேழாவது கேள்வி.
அங்கே பேனா தாளைத் துளைத்திருக்கிறது.

தாவெத் வீட்டில்
சத்தம் போடாதவன்தான் சுகமானவன்.
சௌனாவில் அழுதால் வசதி என்றான் ஒருநாள்,
ஷூ நாடாவைக் கட்டியபடியே.
வியர்வை எது என்று அப்பாவுக்குத் தெரியாதாம்.
அதற்கு எண் கிடையாது.
ஒன்று போட்டேன். பிறகு அழித்தேன்.

பையன்களின் கோடு ஒரு பக்கம்,
பெண்களின் கோடு ஒரு பக்கம்.
வருடா வருடம் வரைபடம் அழகாகப் பிரிகிறது,
மேலிடத்துக்கும் பிடித்துவிடுகிறது.
பதினைந்தில் நானும் நல்ல பெண்தான்.
தட்டைக் கழுவி வைத்துவிட்டு
உள்கன்னத்தைக் கடித்துக்கொள்வேன்.
இப்போதும் கூட்டல் பிசகினால்
நாக்கு அந்தத் தழும்பைத் தேடிப் போகிறது.

ஐந்தேகாலுக்கு பஸ்.
கோட்டு மாட்டியவள் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.
புதுக் கோப்பின் மேல் ஸ்லாத்தா என்று எழுதினேன்.
உள்ளே வைக்க
ஓட்டை விழுந்த ஒரு தாள் மட்டும்.

நாளை செவ்வாய்.
மருத்துவ அறை வாசலில் ஒரு நாற்காலி போடச் சொல்ல வேண்டும்.
இல்லை, இரண்டு.
மீசை மீனை வரைந்தவனும்
வந்தாலும் வருவான்.